பானீக் ஒஸ்ட்ராவா: நிலக்கரி தீர்ந்த பிறகும் நிற்கும் கிளப்

கேள்வி இதுதான்: "செக் கால்பந்து என்றால் ப்ராக் நகரத்து ஸ்பார்ட்டா, ஸ்லாவியா இரண்டுதான் தெரியும். மிலன் பரோஷ் வளர்ந்த கிளப் பானீக் ஒஸ்ட்ராவா என்று படித்தேன். அதைச் 'சுரங்கத் தொழிலாளர் கிளப்' என்கிறார்களே, அது வரலாறா, டி-ஷர்ட் விற்கச் சொல்லும் கதையா? சுரங்கங்களை மூடியாகிவிட்டது, பிறகு எப்படி ஓடுகிறது? ஆரம்பிப்பதற்கு எந்த மேட்ச்களைத் தேடிப் பார்க்கலாம்?"

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: வரலாறுதான். ஆனால் பாதி வரலாறு. சுரங்கப் பணம் இல்லாவிட்டால் பானீக் பெரிய கிளப் ஆகியிருக்காது, அது உண்மை. அதே ஊரில், அதே காலத்தில், இரும்பாலைப் பணத்தில் வளர்ந்த இன்னொரு கிளப்பும் இருந்தது. அதுவும் ஒரு முறை நாட்டின் சாம்பியன் ஆனது. இன்று அதன் பெயரைக் கேட்டால் செக் நாட்டிலேயே இளவட்டங்கள் யோசிப்பார்கள். அதனால் பணம் மட்டும் காரணம் இல்லை. விரிவான பதிலுக்கு அந்த இரண்டாவது கிளப்பையும் உள்ளே இழுத்துதான் ஆக வேண்டும்.

முதலில் ஊர். ஒஸ்ட்ராவா செக் குடியரசின் கிழக்கு ஓரத்தில், போலந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே நிலக்கரி கிடைத்தது. 1828-ல் வீட்கோவிட்சே என்ற இடத்தில் இரும்பாலை தொடங்கியது. அதன் பிறகு கிராமங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே நகரமாகிவிட்டன. ஊரின் நடுவே ஒஸ்ட்ராவிட்சே ஆறு ஓடுகிறது. மேற்குக் கரை மொராவியா, கிழக்குக் கரை சிலேசியா. பானீக் பிறந்தது சிலேசியக் கரையில், ஸ்லெஸ்கா ஒஸ்ட்ராவா என்ற பகுதியில். அங்கே ஏமா என்று ஒரு குன்று உண்டு. அது இயற்கையான குன்று இல்லை, சுரங்கங்களிலிருந்து வெளியே கொட்டிய கழிவுக் கல் குவிந்து உண்டான மேடு. உள்ளே இன்றும் கனன்றுகொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் மேலே ஏறினால் சில இடங்களில் பனி தங்காது, தரையிலிருந்து ஆவி கிளம்பும். கிளப் முளைத்த மண் எப்படிப்பட்டது என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

1922 செப்டம்பர் 8. ஒரு மதுக்கடையில் 18 பேர் கூடிக் கையெழுத்துப் போட்டு ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் பக்கத்தில் குடியிருந்த சுரங்கத் தொழிலாளர்கள். பெயர், எஸ்.கே. ஸ்லெஸ்கா ஒஸ்ட்ராவா. கையில் காசில்லை, சொந்த மைதானமில்லை, ஆடுவதற்குச் சரியான சாமான்களும் இல்லை. கிடைத்த இடத்தில் ஆடினார்கள். 1930களில்தான் பழைய துப்பாக்கிச் சுடும் திடல் ஒன்று அவர்களுக்குச் சொந்த மைதானமாக அமைந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மேல்லீக்கையும் எட்டிப் பார்த்துவிட்டார்கள். ஆக, "சுரங்கத் தொழிலாளர் கிளப்" என்பது பின்னால் யாரோ ஒட்டிய லேபிள் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் அது ஒரு பேட்டைக் கிளப்தான். ஸ்பார்ட்டா, ஸ்லாவியாவோடு ஒரே மூச்சில் சொல்லக்கூடியது இல்லை.

எல்லாம் மாறியது 1948-ல் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைப் பிடித்த பிறகு. தனியார் கிளப்கள் ஒழிந்தன. ஒவ்வொரு கிளப்பும் ஏதாவது ஒரு தொழிலோடு, ஆலையோடு, துறையோடு கட்டப்பட்டது. நம்ம கிளப் முதலில் த்ரொயிட்சே என்ற உள்ளூர்ச் சுரங்கத்தின் பெயரைத் தாங்கியது. பிறகு ஓ.கே.டி., அதாவது ஒஸ்ட்ராவா - கார்வினா சுரங்க நிறுவனத்தின் பெயர். 1952-ல் "பானீக்" வந்தது, சுரங்கத் தொழிலாளி என்று பொருள். அந்தப் பெயர் இவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதைக் கவனியுங்கள். நாட்டில் சுரங்கத் தொழிலோடு சேர்ந்த விளையாட்டுச் சங்கங்கள் எல்லாமே பானீக்தான். மோஸ்ட், ஸொகொலொவ் போன்ற ஊர்களிலும் பானீக் உண்டு. இருந்தாலும் இன்று செக் நாட்டில் யாராவது வெறுமனே "பானீக்" என்றால் அது ஒஸ்ட்ராவாதான். அரசாங்கம் மேலிருந்து எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்த பெயரை ஒரே ஒரு ஊர் தனக்கென்று எடுத்துக்கொண்டது. 1990-க்குப் பிறகு எத்தனையோ கிளப்கள் பழைய பெயருக்குத் திரும்பின. இவர்கள் திரும்பவில்லை.

ஓ.கே.டி. பணம் எப்படி வேலை செய்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் செக்கோஸ்லோவாக்கியாவில் அதிகாரபூர்வமாகத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று யாரும் கிடையாது. எல்லோரும் அமெச்சூர். காகிதத்தில் வீரர் சுரங்க நிறுவனத்தின் ஊழியர், சம்பளம் அங்கிருந்து வரும். வேலை என்னவோ காலையும் மாலையும் பயிற்சிதான். வீடு, கார் எல்லாம் நிறுவனத்தின் வழியாக நடக்கும். நிலக்கரியும் இரும்பும்தான் அன்றைய அரசின் செல்லப் பிள்ளைகள். ஒஸ்ட்ராவாவை "குடியரசின் இரும்பு இதயம்" என்று சுவரெல்லாம் எழுதிவைத்த காலம் அது. அப்படிப்பட்ட ஊரின் கிளப்புக்குப் பணக் கஷ்டம் வருமா என்ன?

ஆனால் பணத்தால் தடுக்க முடியாத ஒன்று இருந்தது. எல்லா இளைஞர்களும் ராணுவத்தில் சேவை செய்தாக வேண்டும். ராணுவத்துக்கும் ஒரு கிளப் இருந்தது, ப்ராக் நகரத்து டுக்லா. நாட்டின் எந்த மூலையிலும் நல்ல பையன் ஒருவன் கண்ணில் பட்டால் இரண்டு வருஷத்துக்கு அவனுக்கு டுக்லா சீருடைதான். ப்ராக் மீது ஒஸ்ட்ராவாக்காரர்களுக்கு இருக்கும் கடுப்புக்கு இது ஒரு வேர். இன்னொன்று அவர்கள் பேச்சு. நெடிலையெல்லாம் குறிலாக்கிப் பேசுவார்கள் என்று தலைநகரத்தில் அவர்களைக் கிண்டல் செய்வது இன்றும் உண்டு. நிலக்கரி நம்முடையது, புகை நமக்கு, சுகம் அவர்களுக்கு என்ற எண்ணம் அந்த ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அது வெளியே வரும் இடம் கால்பந்து கேலரி.

1950களில் அணி உச்சிக்கு அருகில் வந்தது. 1954-ல் லீக்கில் இரண்டாம் இடம். மிரோஸ்லாவ் வியெட்செக் என்ற ஃபார்வர்ட் அந்தக் காலத்தில் கோல்களைக் குவித்தார். 1959 ஏப்ரலில் ஸ்லெஸ்கா ஒஸ்ட்ராவாவின் மேட்டுச் சரிவில் பாசாலி ஸ்டேடியம் திறந்தார்கள். இந்த ஸ்டேடியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தட்டையான நிலத்தில் நான்கு பக்கமும் சுவர் எழுப்பிக் கட்டியது இல்லை அது. சரிவை வெட்டிப் படிக்கட்டு போல நிற்கும் கேலரி அமைத்தார்கள். மேட்டின் மேலிருந்து மைதானத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். மழை பெய்தால் நனைய வேண்டியதுதான். ஆனால் அந்தச் சரிவு நிறைந்துவிட்டால் கீழே ஆடுகிற எதிரணிக்குத் தலைக்கு மேல் ஒரு மனிதச் சுவர் நிற்கும்.

அந்தக் கேலரி கொண்டாடிய முதல் பெரிய ஆள் தொமாஷ் போஸ்பீஹல். 1962 உலகக் கோப்பையில் செக்கோஸ்லோவாக்கியா இறுதிப் போட்டி வரை போய் பிரேசிலிடம் 1-3 என்று தோற்றது. அந்த இறுதிப் போட்டியில் ஆடிய பதினோரு பேரில் பானீக் வீரர் போஸ்பீஹலும் ஒருவர். 1966-ல் கிளப் ஒரு முறை கீழ் டிவிஷனுக்கு இறங்கி, அடுத்த ஆண்டே ஏறி வந்தது. பிறகு 1970களின் தொடக்கத்தில் அதே போஸ்பீஹல் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். 1973-ல் செக்கோஸ்லோவாக்கியக் கோப்பை. கிளப்பின் முதல் பெரிய கோப்பை அதுதான்.

அடுத்த பத்து வருஷம்தான் பானீக்கின் பொற்காலம். 1974-75-ல் ஐரோப்பிய கிளப்கள் மோதும் யு.ஈ.எஃப்.ஏ. கோப்பையில் ரியல் சொசியேதாத், நான்ட், நாப்போலி மூன்றையும் வெளியே அனுப்பினார்கள். நாப்போலியை அவர்கள் ஊரிலேயே 2-0 என்று அடித்தார்கள். காலிறுதியில் மான்ஷென்கிளாட்பாக்கிடம் தோற்றார்கள். அந்த ஆண்டு கோப்பையை வென்றதும் அதே ஜெர்மன் அணிதான். போஸ்பீஹல் போன பிறகு ஈர்ஷி ருபாஷ் பொறுப்பேற்று 1976-ல் லீக்கை வென்று கொடுத்தார். முதல் முறை சாம்பியன். அதன் பலனாக ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையில் பேயர்ன் மியூனிக் பாசாலிக்கு வந்தது. சாதாரண பேயர்ன் இல்லை, 1974, 75, 76 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஐரோப்பாவின் சாம்பியனாக இருந்த பேயர்ன். பானீக் 2-1 என்று ஜெயித்தது. மியூனிக்கில் 0-5. இந்த இரண்டாவது ஸ்கோரை ஒஸ்ட்ராவாவில் அதிகம் யாரும் பேச மாட்டார்கள், அது வேறு விஷயம்.

1978-ல் மறுபடி கோப்பை. அதைத் தொடர்ந்து 1978-79-ல், ஒவ்வொரு நாட்டிலும் கோப்பை வென்ற அணிகள் மோதும் ஐரோப்பியத் தொடரான 'கோப்பை வென்றவர்கள் கோப்பை'யில் அரையிறுதி வரை போனார்கள். வழியில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனும் மாக்டபர்க்கும் விழுந்தன. மாக்டபர்க்கோடு ஒரு பழைய கணக்கு இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் பானீக் 2-0 முன்னிலையில் கிழக்கு ஜெர்மனிக்குப் போய், கூடுதல் நேரத்தில் 0-3 என்று தோற்றது. மாக்டபர்க் அப்படியே போய்க் கோப்பையையே வென்றது. அந்தக் கணக்கை இந்த முறை தீர்த்தாயிற்று. அரையிறுதியில் ஃபோர்ச்சுனா டியுசல்டார்ஃப் தங்கள் ஊரில் 3-1 என்று ஜெயித்தது, ஒஸ்ட்ராவாவில் பானீக் 2-1 என்று ஜெயித்தது. மொத்தத்தில் ஒரு கோல் வித்தியாசம். இறுதிப் போட்டியில் பார்சலோனா காத்திருந்தது. என்னைக் கேட்டால் பானீக் வரலாற்றில் பெரிய "அடடா" இதுதான்.

இந்தக் கட்டத்தில் பயிற்சியாளர் எவ்ஜென் ஹடம்சிக். 1980, 1981 என்று அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டம். அவருடைய அணியில் பெரும்பாலோர் ஒஸ்ட்ராவாவும் சுற்றுவட்டாரமும் தந்த பையன்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. ஓ.கே.டி. பணத்தை வைத்து ப்ராக்கிலிருந்து நட்சத்திரங்களைத் தூக்கி வருவது எளிதில்லை, வருகிறவர்களும் புகைமூட்டத்துக்குள் வர யோசித்தார்கள். அதனால் சுற்றியிருக்கிற சின்ன ஊர்களில் வலை வீசினார்கள். வெர்னர் லிச்கா பக்கத்திலிருக்கும் ஹ்லுச்சீனில் பிறந்தவர். 1980-லும் 1984-லும் நாட்டிலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தான். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கியா கால்பந்தில் தங்கம் வென்றபோது லிச்கா, ஷ்ரைனர், ராடிமெட்ஸ், நெமெட்ஸ், ரிகெல் என்று ஒரு பானீக் கூட்டமே அந்த அணியில் இருந்தது. ஒரே கிளப்பிலிருந்து இத்தனை பேர்!

1980-81 ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையில் டைனமோ பெர்லினை, மொத்தக் கோல் சமமாகி, வெளியூரில் அடித்த கோல் கணக்கில் தாண்டிக் காலிறுதிக்குப் போனார்கள். மறுபடியும் பேயர்ன். இந்த முறை இரண்டு மேட்சிலும் தோல்வி. உள்நாட்டில் 1982, 1983 இரண்டாம் இடம். ஹடம்சிக் 1984-ல் இறந்துபோனார், நடுத்தர வயதிலேயே. அந்த அணியும் மெல்லக் கலைந்தது. 1980களின் கடைசியில் மறுபடி இரண்டு முறை இரண்டாம் இடம் பிடித்தார்கள். வாட்ஸ்லாவ் டானெக் 1987-ல் லீக்கின் டாப் ஸ்கோரர். ஆனால் பட்டம் வரவில்லை.

இப்போது ஆற்றின் அந்தப் பக்கம் போவோம். வீட்கோவிட்சே இரும்பாலையின் கிளப். யோசெஃப் பிட்சான் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள், உலகத்திலேயே அதிக கோல் அடித்தவர்கள் பட்டியலில் தவறாமல் வரும் பெயர். அவர் ஸ்லாவியாவை விட்டு வந்து 1940களின் முடிவில் ஆடிய கிளப் இது. பானீக்கின் சூரியன் இறங்கிக்கொண்டிருந்த நேரம், 1985-86 லீக்கை வீட்கோவிட்சே வென்றது. பயிற்சியாளர் இவான் கோபெட்ஸ்கி. எல்லோருக்கும் அதிர்ச்சி, அநேகமாக அவர்களுக்கே அதிர்ச்சியாகத்தான் இருந்திருக்கும். அடுத்த ஆண்டு ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையில் எஃப்.சி. போர்ட்டோவைத் தங்கள் ஊரில் 1-0 என்று தோற்கடித்தார்கள். போர்ட்டுகலில் 0-3. அந்த ஆண்டு ஐரோப்பாவின் சாம்பியன் போர்ட்டோ. அதற்கு அடுத்த ஆண்டு யு.ஈ.எஃப்.ஏ. கோப்பையில் காலிறுதி வரை போய் எஸ்பான்யோலிடம் தோற்றார்கள். சாதாரண சாதனையா இது?

ஆனால் 1989-ல் ஆட்சி மாறியதும் இரண்டு கிளப்களுக்கும் ஒரே நேரத்தில் குழாய் அடைபட்டது. இரும்பாலைக்கும் சுரங்கத்துக்கும் இனி கால்பந்துக்குப் பணம் கொட்டுவது கட்டாயமில்லை, கொட்ட அவர்களிடமும் இல்லை. 1994 ஜூனில் ஒஸ்ட்ராவா நகரத்துக்குள் நிலக்கரி எடுப்பது அடியோடு நின்றது. கார்வினா பக்கம் சுரங்கங்கள் இன்னும் பல ஆண்டுகள் ஓடின, நகரத்தில் இல்லை. 1998-ல் வீட்கோவிட்சேயின் ஊதுலைகளும் அணைந்தன. 1991-ல் ஊரின் மக்கள் தொகை சுமார் 3.27 லட்சம், 2021-ல் 2.85 லட்சம். ஆள்கள் கிளம்பிவிட்டார்கள்.

அந்த 1994-லேயே வீட்கோவிட்சே கிளப் மேல்லீக்கிலிருந்து இறங்கியது. இன்றுவரை திரும்பவில்லை. கடன், திவால், புதுப் பெயரில் மறு தொடக்கம் என்று அலைந்தது. அதே ஆண்டு அதோடு சேர்ந்து இறங்கிய இன்னொரு கிளப் எது தெரியுமா? ராணுவத்தின் டுக்லா ப்ராக். மேலிடத்துப் பணத்தில் வாழ்ந்த இரண்டு கிளப்கள் கைகோத்துக்கொண்டு இறங்கின. பானீக் இறங்கவில்லை.

ஏன்? என் கணக்கில் காரணம் இரண்டு. ஒன்று, வீட்கோவிட்சே எப்போதும் ஆலையின் கிளப்பாகவே இருந்தது, சாம்பியன் ஆன வருஷத்தில்கூட ஊரின் கூட்டம் பாசாலியில்தான். ஆலைக்குப் போகிறவனே ஞாயிற்றுக்கிழமை ஆற்றைத் தாண்டி பானீக் பார்க்கப் போவான். கூட்டம் இருந்தால் வேறொரு முதலாளி வருவான், மேயர் கவலைப்படுவார், செய்தித்தாள் எழுதும். கூட்டம் இல்லாத கிளப்பை யார் காப்பாற்றுவது? இரண்டாவது, பையன்களை வளர்க்கும் அந்தப் பழைய வேலை. பணம் நின்ற பிறகு விற்பதற்கு பானீக்கிடம் ஒரு சரக்கு இருந்தது, அது ஆட்டக்காரர்கள்.

இந்த ஏற்றுமதி 1990-லேயே ஆரம்பித்துவிட்டது. கோல்கீப்பர் லுடெக் மிக்லோஷ்கோ அந்த ஆண்டு லண்டனுக்கு, வெஸ்ட் ஹாமுக்குப் போனார். அடுத்த ஆண்டு இன்னொரு கோல்கீப்பர் பாவெல் ஸ்ர்னீச்செக் நியூகாசிலுக்கு. நியூகாசிலில் அவரை உள்ளூர்ப் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார்கள். 2015 டிசம்பரில் ஒஸ்ட்ராவாவில் ஓட்டப்பயிற்சியின்போது விழுந்தவர் பிறகு எழவில்லை, 47 வயது. இரண்டு ஊரும் துக்கம் கொண்டாடின. தொமாஷ் கலாசெக் ஹாலந்துக்குப் போய் அயாக்ஸில் நிலைத்தார். மாரெக் யான்குலோவ்ஸ்கி 2000-ல் நாப்போலிக்குப் போய், பின்னால் ஏ.சி. மிலனில் 2007 சாம்பியன்ஸ் லீக் வென்றார். பரோஷ் பன்னிரண்டு வயதில் பானீக்குக்கு வந்தவர், 2001-02 பருவத்தின் நடுவில் லிவர்பூலுக்கு விற்கப்பட்டார். 2005-ல் இஸ்தான்புல் இறுதிப் போட்டியில் லிவர்பூல் 0-3-லிருந்து மீண்டு வந்ததே, அன்று முதலில் இறங்கிய ஃபார்வர்ட் அவர்தான்.

இந்த வியாபாரத்துக்கு நடுவே 2004-ல் ஒரு பட்டம் வந்தது. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பயிற்சியாளர் ஃபிரான்டிஷெக் கோம்ஞாட்ஸ்கி. கோல் அடித்தவர் மாரெக் ஹைன்ட்ஸ், 19 கோலோடு லீக்கின் டாப் ஸ்கோரர். நடுக்களத்தில் மாரியோ லிச்கா, 1980-ன் வெர்னர் லிச்காவின் மகன். 23 வருஷத்துக்குப் பிறகு பட்டம். பட்டம் வென்ற சில வாரங்களில் யூரோ 2004. ஜெர்மனிக்கு எதிரான மேட்சில் செக் அணியில் பாதிப் பேருக்கு ஓய்வு கொடுத்து இரண்டாம் வரிசையை இறக்கினார்கள். பாலாக் ஜெர்மனிக்கு முதல் கோல் அடித்தார். ஹைன்ட்ஸ் ஃப்ரீ கிக்கில் சமன் செய்தார். மாற்று வீரராக வந்த பரோஷ் 77-ஆவது நிமிடத்தில் இரண்டாவதை அடித்தார். 2-1, ஜெர்மனி வீட்டுக்கு. இரண்டு கோலும் பானீக் சம்பந்தப்பட்ட கால்களிலிருந்து. பரோஷ் ஐந்து கோலோடு தொடரின் டாப் ஸ்கோரர்.

சரி, பட்டம் வென்ற அணி என்ன ஆனது? விற்றார்கள். ஹைன்ட்ஸ் அந்தக் கோடையிலேயே ஜெர்மனிக்குப் போய்விட்டார். சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் லெவர்குசனிடம் 0-5. இங்கே 2-1 என்று ஜெயித்தும் பிரயோஜனமில்லை. 2005-ல் செக் கோப்பை கிடைத்தது. அதற்குப் பிறகு பத்து வருஷம் இறங்குமுகம்தான். முதலாளிகள் மாறினார்கள், கடன் ஏறியது, பாசாலியின் கேலரிகள் பழசாகி உரிந்தன. லீக் கேட்கும் தரத்துக்கு அந்த ஸ்டேடியத்தைக் கொண்டுவருவது நடக்கிற காரியமாக இல்லை. 2015-ல் கிளப் பாசாலியை விட்டு வெளியேறியது. எங்கே போனார்கள்? வீட்கோவிட்சேக்கு! எதிரியின் பழைய வீட்டுக்குக் குடிபோன மாதிரிதான். சுமார் 15,000 பேர் உட்காரும் நகராட்சி ஸ்டேடியம் அது. உலகப் புகழ்பெற்ற தடகளப் போட்டியான கோல்டன் ஸ்பைக் நடக்கும் இடம் என்பதால் கேலரிக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஓடுபாதை. கூரையும் நாற்காலியும் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் பாசாலியில் எதிரணியின் தலைக்கு மேல் நின்ற கூட்டம் இங்கே தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. போன முதல் பருவத்திலேயே, 2015-16-ல், கடைசி இடம். கீழ் டிவிஷன்.

அந்த அடிமட்டத்தில்தான் வாட்ஸ்லாவ் பிராபெட்ஸ் என்ற தொழிலதிபர் கிளப்பை எடுத்து நடத்தினார். 2017-ல் மேலே ஏறிவிட்டார்கள். அந்த ஆண்டே பரோஷ் திரும்பி வந்தார், வயது 35 ஆகிக்கொண்டிருந்தது. காயங்களோடு மூன்று பருவம் ஆடி 2020-ல் இதே சட்டையில் முடித்துக்கொண்டார். யான்குலோவ்ஸ்கி கொஞ்ச காலம் விளையாட்டு இயக்குநராக இருந்தார். 2019-ல் கோப்பை இறுதிப் போட்டி, ஸ்லாவியாவிடம் 0-2. பாவெல் ஹபால் பயிற்சியில் 2024-25 லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தார்கள். ஸ்பார்ட்டாவுக்கு மேலே! ஒஸ்ட்ராவாக்காரனுக்கு இதில் கிடைத்த சந்தோஷம் மூன்றாம் இடத்துக்கு மட்டுமானது இல்லை. பாசாலி இப்போது இளம் வீரர்களுக்கான பயிற்சி மையம்.

ரசிகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. தீவிர ரசிகர்கள் தங்களை ஹஹாரி என்று அழைத்துக்கொள்கிறார்கள், பேட்டை ரவுடி என்கிற மாதிரி ஒரு வட்டாரச் சொல். வெளியூர் மேட்சுக்கு ஆயிரக்கணக்கில் ரயிலேறிப் போவார்கள். அவர்களுடைய பிரபலமான கோஷத்தின் இரண்டாம் பாதியை வீட்டில் பெரியவர்கள் முன்னால் சொல்ல முடியாது, ஆனால் அங்கே அதைத் தாத்தாக்களும் சொல்வார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் போலந்தின் கடோவிட்செ நகரத்து ஜி.கே.எஸ். ரசிகர்களோடு 1990களிலிருந்து நட்பு. அதுவும் நிலக்கரி ஊர்தான். பகை ஸ்பார்ட்டாவோடு, ஓலோமோட்ஸ் நகரத்து சிக்மாவோடு, அப்புறம் சிலேசிய டெர்பியில் ஒபாவாவோடு. இதை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அடிதடி, ரயில் பெட்டிகளை நொறுக்குவது, மைதானத்தில் பட்டாசு வீசுவது எல்லாம் இவர்கள் கணக்கில் தாராளமாக உண்டு. கிளப் கட்டிய அபராதத்தில் பெரும்பங்கு இவர்கள் உபயம். ஆனால் கீழ் டிவிஷனில் ஆடிய அந்த ஒரு வருஷத்தில் கிளப்பைத் தூக்கி நிறுத்தியதும் இதே கூட்டம்தான். இரண்டும் உண்மை.

அப்படியானால் "சுரங்கத் தொழிலாளர் கிளப்" என்று இன்று சொல்வது? கேலரியில் இருக்கும் இருபது வயதுப் பையன் சுரங்கத்தை மியூசியத்தில்தான் பார்த்திருப்பான். அவன் அப்பாவோ தாத்தாவோ கீழே இறங்கியிருக்கலாம். டி-ஷர்ட்டில் சுத்தியல் போட்டு விற்பது வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாங்குகிறவன் வீட்டில் ஓ.கே.டி. பென்ஷன் வந்துகொண்டிருந்தால் அதை வெறும் வியாபாரம் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

பார்க்க வேண்டிய மேட்ச்கள் கேட்டீர்கள். 1976 அக்டோபரில் பாசாலியில் பேயர்னை வென்றது முதலில். துணுக்கு வீடியோ கிடைத்தாலும் போதும், ஆட்டத்தைவிட அந்தச் சரிவில் நிற்கும் கூட்டத்தைக் கவனியுங்கள். அடுத்து 1979 அரையிறுதியில் டியுசல்டார்ஃபோடு ஆடிய இரண்டாவது மேட்ச். யூரோ 2004-ன் செக் - ஜெர்மனி மேட்ச் இணையத்தில் முழுசாகவே கிடைக்கும். இப்போதைய அணியைப் பார்க்க வேண்டுமென்றால் சொந்த ஊரில் ஸ்பார்ட்டாவோடு மோதும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒலியைக் கூட்டி வைத்துப் பாருங்கள், செக் மொழி தெரிந்த நண்பர் பக்கத்தில் இருந்தால் மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.